ஒரு கல்யாண ஆல்பம் சென்னை போன கதை

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஸ்டுடியோக்காரருக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஆல்பம் எப்ப தம்பி தருவீங்க?" பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் படம் எடுப்பதும் டிசைன் போடுவதும் உள்ளூரிலேயே நடக்கும். பிரிண்ட் போட்டு, பைண்டிங் செய்து, பெட்டியில் வைத்துத் தருவது சென்னையில் ஏதாவதொரு லேப். நடுவில் கிடக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஆல்பம் ஒரு பைலாகக் கடந்தாக வேண்டும். அந்தப் பைலின் பயணத்தைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன். குறிப்பிட்ட ஒரு கடையின் கதை அல்ல இது. சின்ன ஊர் ஸ்டுடியோ எதிலிருந்தும் புறப்படக்கூடிய ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதன் உடம்பை அளந்துவிடலாம். கல்யாண ஆல்பத்துக்கு நம் பக்கத்தில் பழகிய அளவு பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் போட்டால் 3,600-க்கு 10,800. ஒரு ஷீட்டில் கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். நல்ல தரத்தில் ஜேபெக் ஆக்கினால் ஷீட்டுக்குச் சுமார் 20 மெகாபைட் என்று கொள்ளலாம். 40 ஷீட் ஆல்பம் 800 மெகாபைட். நெட்வொர்க்கில் இறங்கும்போது இது முழுசாகப் போகாது. பாக்கெட் பாக்கெட்டாக நறுக்கப்படும். ஒரு பாக்கெட்டில் 1,500 பைட் கொள்ளும், அதில் 40 பைட் விலாசத்துக்கும் வரிசை எண்ணுக்கும் போய்விடும், மீதி 1,460 பைட்தான் சரக்கு. ஆக ஆல்பம் ஐந்தரை லட்சம் பாக்கெட். தாலி கட்டும் ஷீட் ஒன்று மட்டும் பதின்மூன்றாயிரத்துக்கு மேல்.

கடையில் 100 எம்பி பிளான் போட்டிருக்கிறது. 800 மெகாபைட்டை எட்டால் பெருக்கினால் 6,400 மெகாபிட். நூறால் வகுத்தால் 64 வினாடி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்ற ஆரம்பித்த ஆல்பம் கடை சாத்தும் நேரத்திலும் 70 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். "அண்ணா, பெரிய பிளான் மாத்திட்டேன், அப்பவும் ஏறவே மாட்டேங்குது" என்று கேபிள்காரரிடம் புலம்பல் தொடங்கும். அவர் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார். இரண்டு பேரும் பார்க்காத இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திரத்தோடு இருந்த திருத்தணியும் பள்ளிப்பட்டும் எல்லைச் சிக்கலைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழும் தெலுங்கும் வீட்டுக்குள்ளேயே கலந்து புழங்கும். எல்லையோரத்தில் நின்றால் கைபேசி எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று சுற்றிலும் விசைத்தறி ஊர்கள். வெளியே வந்தால் கரும்பு. கொசஸ்தலையாறு குறுக்கே ஓடுகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் இங்கே தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். தறி, கரும்பு, ஆறு மூன்றுக்கும் நம் பைலோடு சம்பந்தம் உண்டு.

பயணம் கேமரா கார்டில் தொடங்குகிறது. இங்கேயே முதல் தாமதம் காத்திருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் கார்டு ரீடரைச் செருகினால் வினாடிக்கு 30, 35 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதே ரீடரைப் பின்பக்கம் உள்ள நீல நிறத் துளையில், அதாவது யூஎஸ்பி 3-ல் செருகினால் கார்டு தரக்கூடிய முழு வேகமும் வந்துவிடும். 4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் கேமராவில் ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட் ஆகும். எந்தத் துளை என்பது அங்கே பெரிய விஷயம்.

அடுத்த கட்டம் கடைக்குள்ளேயே. படம் இறக்கும் கம்ப்யூட்டர் முன் அறையில், டிசைன் போடும் தம்பி மாடியில். நடுவில் ஒரு ஸ்விட்ச், இரண்டு கேபிள். இந்த நாற்பது அடிக்குள் தொலையும் நேரத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

கேபிளைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். உள்ளே எட்டு கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. முனையில் பிளாஸ்டிக் பிளக். அதற்குள் எட்டு உலோகப் பற்கள். கிரிம்பிங் கருவியால் அழுத்தும்போது ஒவ்வொரு பல்லும் தன் கம்பியின் தோலைக் குத்தி உள்ளே இறங்க வேண்டும். பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஆரஞ்சும் பச்சையும் வேலை செய்தால் ஓடிவிடும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மாடிக் கதவு சாத்தும்போது நசுங்கியோ, எலி கடித்தோ, பல் சரியாக இறங்காமலோ ஒரு பழுப்புக் கம்பி விட்டுப்போனால் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் பேசி ஒரு முடிவுக்கு வரும்: ஜிகாபிட் வேண்டாம், நூறில் ஓடுவோம். அல்லது கம்பி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால், வந்தும் போயும் தடுமாறும். யாரிடமும் சொல்லாது, எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. ஸ்விட்சில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ஆரஞ்சாக எரியும், அவ்வளவுதான். சில ஸ்விட்சில் நிறம் தலைகீழ். அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. விண்டோஸில் பெரிய பைல் ஒன்றைக் காப்பி போட்டு, பச்சைக் கோட்டைப் பாருங்கள். வேகம் வினாடிக்கு 11 மெகாபைட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றால் அந்தப் பாதையில் எங்கோ ஒரு துண்டு 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, விலாசம், வரிசை எண் செலவு போகப் பதினொன்று. நல்ல ஜிகாபிட்டில் 110-ஐத் தொடும். ஒரு மணி நேர வீடியோ, 45 ஜிகாபைட், ஜிகாபிட்டில் ஏழு நிமிடம். நூறில் ஒரு மணி எட்டு நிமிடம். அந்த ஒரு மணி நேரத்தின் விலை ஒரு பிளக். ஆனால் நம் ஆட்கள் முதலில் வாங்குவது புதிய கம்ப்யூட்டர்.

தறி ஊரில் இன்னொரு சிக்கலும் சேரும். கேபிள் இழுக்க வருகிறவர் வசதிக்காகக் கரண்ட் வயரோடு சேர்த்தே கட்டிக்கொண்டு போய்விடுவார். ஜோடிக் கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதே வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளத்தான், ஓரளவு தாங்கும். மோட்டார்கள் ஏறி இறங்கும் லைனை ஒட்டியே நெடுந்தூரம் ஓடினால் தாங்காது. செம்புக்குப் பதில் செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கம்பி வைத்து விற்கும் மலிவுச் சுருள்கள் வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகளில் இண்டக்‌ஷன் உலை ஓடுகிறது. அங்கே ஷெட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செம்புக் கேபிள் இழுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. கண்ணாடி இழைக்கு மின் இரைச்சல் ஏறாது. செம்பின் 100 மீட்டர் வரம்பும் அதற்குக் கிடையாது.

அதே தொழிற்பேட்டைகளில் பழைய மெஷின்களோடு வாழ்கிறவர்களுக்குப் பழகிய பேய் ஒன்று உண்டு: டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை. ஒரு முனையை யாரோ ஒருகாலத்தில் '100, ஃபுல்' என்று கையால் கட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார். மறுமுனை தானாகப் பேசி முடிவு செய்யும் வகை. பேச எதிரே ஆள் இல்லாததால் விதிப்படி 'ஹாஃப்' என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கிறார், இன்னொருவர் எதிராளி பேசினால் மோதல் என்று நினைத்துப் பேச்சை நிறுத்துகிறார். பிங் அடித்தால் பதில் ஒழுங்காக வரும், ஏனென்றால் அது சின்னச் செய்தி. டிராயிங் பைலை அனுப்பினால் நத்தை. 'பிங் வருதே, அப்புறம் என்ன?' என்று கேட்டே எத்தனையோ ஷிப்டுகள் வீணாகியிருக்கின்றன. இரண்டு முனையையும் 'ஆட்டோ'வில் விட்டுவிட்டால் தீர்ந்தது.

நம் ஆல்பத்துக்கு வருவோம். மாடிக்கு ஒரே 800 மெகாபைட் பைலாக ஏறினால் சில வினாடி. மூவாயிரம் தனித்தனிப் படங்களாக ஏறினால் பல நிமிடம். மொத்த எடை ஒன்றாகவே இருந்தாலும் இப்படித்தான். காரணம், ஒவ்வொரு பைலுக்கும் திற, அனுமதி உண்டா, எழுது, தேதி போடு, மூடு என்று பல கேள்வி பதில் நடக்கிறது. ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதிக்கும். சின்னப் படங்கள் நிறைய இருந்தால் ஜிப் போட்டு ஒன்றாக அனுப்புவதில் லாபம் இருப்பது இதனால்தான். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது, ஜிப்பில் எடை குறையாது. குறைவது கேள்விகளின் எண்ணிக்கை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் இந்த மொழியை வெளியே நின்று ஒட்டுக்கேட்டு, யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்தவர் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆன்ட்ரூ டிரிட்ஜெல். 1991 டிசம்பரில் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு சாம்பா ஆனது. இன்றைக்குக் கடையில் நான்கு ஹார்ட் டிஸ்க் செருகி வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் ஓடுவது அதுதான்.

டிசைன் முடிந்தது. பைல் கடை வாசலைத் தாண்ட வேண்டும்.

வாசலில் ஏமாற்றம் ஒன்று நிற்கிறது. பிளானில் எழுதியிருக்கும் வேகம் இறங்கு வேகம். படம் பார்க்கிற வீட்டுக்கு அது போதும். ஸ்டுடியோவின் தேவை ஏற்று வேகம். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது சென்னையில் கிடைத்த டயல்-அப் 9.6 கிலோபிட். நம் ஆல்பத்தை அதில் ஏற்றினால் எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகியிருக்கும். 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 256 கிலோபிட்டில் வந்தது. அந்த வேகம் முழுதும் ஏற்றத்துக்குக் கிடைத்தாலே ஏழு மணி நேரம். அது டெலிபோன் செம்புக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல். இறக்கத்துக்கு அகலமும் ஏற்றத்துக்கு ஒடுக்கமும் அந்த நுட்பத்தின் பிறவிக் குணம். இப்போது தெருவில் ஓடும் கண்ணாடி இழைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஜிபான் எனப்படும் வகையில் ஒரு இழையில் இறக்கம் 2.488 ஜிகாபிட், ஏற்றம் 1.244 ஜிகாபிட், 32, 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். ஏற்றத்தில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் வெளிச்சம் அடித்தால் குழம்பிவிடும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நேரத்துண்டு ஒதுக்கப்படும். ஆகவே உங்களுக்கு ஏற்றம் 10-ஆ 100-ஆ என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கண்ணாடி அல்ல, கம்பெனியின் விலைப்பட்டியல்.

கண்ணாடியும் பழுதாகும். மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிப் போகும் இழையைக் கரும்பு லோடு லாரி மேல்நுனியால் இழுத்துக்கொண்டு போவதை இந்தப் பக்கம் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அறுந்தால் மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும், ஆள் வருவார், ஒட்டுவார். அறுந்த இழையைவிடத் தொல்லை மடங்கிய இழை. பீரோவுக்குப் பின்னால் கூர்மையாக மடிந்தோ, இணைப்பு முனையில் தூசி படிந்தோ இருந்தால் வெளிச்சம் பாதி கசிந்துவிடும். வந்துசேரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம்-ஐ நெருங்கினால் நெட் இருக்கும், ஆனால் பாக்கெட்டுகள் அங்கங்கே தொலையும். அந்த எண் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கும். கேபிள்காரர் வந்தால் இதை அவரோடு சேர்ந்து பாருங்கள். மோடத்தை அணைத்துப் போடுவதைவிட உருப்படியான வேலை.

நூறில் ஒரு பாக்கெட் தொலைந்தால் என்ன, மீதி தொண்ணூற்றொன்பது வருகிறதே என்று தோன்றும். இங்கேதான் கதையின் மையம்.

பைல் அனுப்பும் டிசிபி முறையில் அனுப்புகிறவர் சரக்கைக் கண்மூடித்தனமாக அள்ளிவிடுவதில்லை. தறிக்காரர் ஒருவர் சில லோடு துணியை அனுப்பிவிட்டு, முதல் லோடுக்கு ரசீது வந்தபிறகே அடுத்ததை ஏற்றுகிறார் என்று வையுங்கள். சாலை எட்டு வழியாக இருந்தாலும், ரசீது வர நாலு நாள் ஆனால் வியாபாரம் ரசீதின் வேகத்தில்தான் நடக்கும். ரசீது வராமல் சாலையில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் சரக்கின் அளவுக்கு விண்டோ என்று பெயர். ஆதியில் இதற்கு ஒதுக்கியது 16 பிட். அதிகபட்சம் 65,535 பைட். போய்வரக் கால் வினாடி ஆகும் அமெரிக்க சர்வருக்கு இந்த விண்டோவோடு அனுப்பினால் வினாடிக்கு 2 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஜிகாபிட் லைன் போட்டாலும் அதே 2. போய்வர 40 மில்லி வினாடி ஆகும் சிங்கப்பூருக்கு 13. 1992-ல் இந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ள வழி வந்தது. இன்றைய கம்ப்யூட்டர்கள் தானாகவே விண்டோவைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஆனால் பழைய எஃப்டிபி மென்பொருள், பத்து வருடப் பழைய சேமிப்புப் பெட்டி, நடுவில் விபிஎன் என்று ஏதாவதொன்று பழைய கஞ்சத்தனத்தோடு உட்கார்ந்திருந்தால் மொத்தப் பாதையும் அதற்குக் கட்டுப்படும். வேகம் லைனோடு மாறாமல் தூரத்தோடு மாறினால் சந்தேகத்தை அங்கே வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து இணைப்பாகப் பிரித்து அனுப்பும் மென்பொருளுக்கு மாறினால் வேகம் நான்கைந்து மடங்கு ஏறிவிடும்.

சரக்கு தொலைந்தால் டிசிபி இன்னும் பயந்துவிடும். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தூரத்தில், 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. கிலோபிட் அல்ல, பிட். ரசீது வரத் தாமதமானதும் எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்பி, பாதையைத் தாங்களே அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதைத் துருவி, 1988-ல் மருந்து எழுதினார்: மெல்ல ஆரம்பி, ரசீது வர வர வேகத்தைக் கூட்டு, ஒரு பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு சட்டென்று குறை. இணையம் இன்றுவரை நொறுங்காமல் இருப்பதற்கு அந்த மருந்து பெரிய காரணம்.

மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. மடங்கிய இழையால் தொலைந்த பாக்கெட்டையும் அது நெரிசல் என்றே நினைக்கும். 1997-ல் மேத்திஸும் மூன்று சகாக்களும் இதைச் சூத்திரமாகவே எழுதிவிட்டார்கள். போய்வர 50 மில்லி வினாடி, நூறில் ஒன்று இழப்பு என்றால், லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒரு இணைப்பில் 3 மெகாபிட்டைத் தாண்டாது. 800 மெகாபைட் ஆல்பத்துக்கு அது 35 நிமிடத்துக்கு மேல். 64 வினாடிக் கணக்கில் காணாமல் போன நேரத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது: பாதையின் ஒடுக்கத்தில் அல்ல, காத்திருப்பதில். கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை, இழப்பை மட்டும் வைத்துப் பயப்படாமல் பாதையின் அகலத்தையும் தாமதத்தையும் அளந்து வேகத்தை முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டிலேயே இந்த நோய்க்கு மருத்துவம் நடந்திருக்கிறது. அதுவும் கண் ஆஸ்பத்திரியில். 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை அதன் கிராமப்புறப் பார்வை மையங்களோடு வைஃபை கொண்டு இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டியர் குழு இதில் கூட்டு. வீட்டுக்குள் ஓடப் பிறந்த வைஃபையைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்தபோது நாம் பார்த்த அதே கோளாறு வேறு வேஷத்தில் வந்தது. வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சில மைக்ரோ வினாடிக்குள் ரசீது எதிர்பார்க்கும். பத்து கிலோமீட்டர் போக மட்டும் ரேடியோ அலைக்கு 33 மைக்ரோ வினாடி வேண்டும். ரசீது தாமதமாக வரும், அதற்குள் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று முடிவு செய்து மறுபடி அனுப்பும். தூரத்து முனை பேசுவது கேட்காமல் இரண்டும் ஒன்றாகப் பேசி மோதிக்கொள்ளும். குழு செய்த வேலை: பேசுவதற்கு முறை வைத்தார்கள், இப்போது நீ, அப்புறம் நான், ஒவ்வொன்றுக்கும் ரசீது என்பதை மாற்றி ஒரு கட்டுக்கு ஒரே ரசீது. 2007-ல் வெளியான ஆய்வின்படி டிசிபி வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. வைஃபை அட்டைகள் அதேதான், மாறியது மென்பொருள். அதே குழு அடுத்த வருடம் எழுதியதில் எனக்கு அதிகம் பிடித்தது, களத்தில் தங்களை மிகவும் படுத்தியது தரமற்ற மின்சாரம் என்ற ஒப்புதல். நம் ஊரில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பார்.

ஆல்பம் இப்போது ஊரைத் தாண்டிவிட்டது. திருவள்ளூர் வழியாகச் சென்னைக்கு நேராகப் போகும் என்று நினைக்கத் தேவையில்லை. மேகக்கணிச் சேமிப்பில் ஏற்றினால் அது முதலில் சர்வர் இருக்கும் ஊருக்குப் போகும். மைக்ரோசாப்ட் 2015-ல் சென்னையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் தரவு மையங்கள் திறக்கும்வரை இங்கிருந்து ஏற்றிய பல பைல்கள் 2002 முதல் ஓடும் சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் போன்ற வழிகளில் கடல் தாண்டிப் போய், அப்படியே திரும்பி வந்து அண்ணா சாலையில் இறங்கின. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூர் போய்வர ஒளிக்கே 30 மில்லி வினாடிக்கு மேல். கணக்கில் சின்னது, ரசீதுக்குக் காத்திருக்கும் பைலுக்குப் பெரிது.

இதற்கிடையில் கடையில் ஒரு கூத்து நடக்கும். ஆல்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் ஜிபே போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், வாட்ஸ்அப் கால் விட்டுவிட்டுக் கேட்கும். மோடத்துக்குள் பாக்கெட்டுகள் நிற்கும் வரிசை அளவுக்கு மீறி நீளமாக இருப்பதுதான் காரணம். ஐந்து வினாடி வேலை ஆல்பத்தின் ஆயிரம் பாக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் என்பவர் தன் வீட்டு நெட்டில் இதைக் கண்டுபிடித்து 2010 வாக்கில் ஊருக்குச் சொன்னார். கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். கடைக்காரர் செய்யக்கூடியது இன்னும் எளிது: ஏற்றும் மென்பொருளில் வேக வரம்பை லைனின் 85 சதவீதத்துக்கு வைத்துவிட்டால் மீதி வேலைகள் மூச்சுவிடும். ஆல்பமும் பெரிதாகத் தாமதமாகாது.

70 சதவீதத்தில் கரண்ட் போனால்? பிரவுசர் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருளாக இருக்க வேண்டும். டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் எழுதிய ஆர்சிங்க் இதில் இன்னும் ஒரு படி: பைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். வீடியோ புராஜெக்ட்டுகளை இரண்டு இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஸ்டுடியோக்காரர் பொறுமை இழந்து, பென் டிரைவைக் கவரில் போட்டு, காலை பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவதும் உண்டு. அதைக் கேலி செய்ய மாட்டேன். 64 ஜிகாபைட் டிரைவ் நான்கு மணி நேரத்தில் கோயம்பேடு போனால் வினாடிக்கு 35 மெகாபிட். பல கடைகளின் ஏற்று வேகத்தைவிட அதிகம். 2019-ல் உலகம் பார்த்த கருந்துளைப் படத்தின் தரவும் இப்படி ஹார்ட் டிஸ்க்கில்தான் பயணித்தது. தென்துருவத் தொலைநோக்கியின் டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை காத்திருந்தன. பஸ்ஸில் இழப்பு சதவீதம் குறைவு, ஆனால் தொலைந்தால் மொத்தமும் தொலையும். ஆற்றில் வெள்ளம் வந்தால் பஸ்ஸே வராது.

லேபில் ஆல்பம் இறங்கியதும் பைலின் வேலை முடிந்தது. இங்க்கும் காகிதமும் மேற்கொண்டு பார்த்துக்கொள்ளும்.

தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் பாரத்நெட் திட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலையில் இருக்கிறது. ஊராட்சிக்கு 1 ஜிகாபிட் என்பது இலக்கு. பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதில் அடக்கம். அந்த இழை வாசலுக்கு வந்தாலும் மாடிக்குப் போகும் கேபிளில் பழுப்புக் கம்பி விட்டிருந்தால் ஆல்பம் 11-ல்தான் காப்பி ஆகும். ஆகவே கடைக்காரர்களுக்கு: பிளானை மாற்றும் முன், கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய பைலைக் காப்பி போட்டுப் பாருங்கள், பிறகு மோடத்தின் ஒளி எண்ணைப் பாருங்கள், பிறகு ஏற்று வேகத்தைத் தனியாக அளந்து பாருங்கள். இணைப்பு விற்கும் கம்பெனிகளுக்கு: தட்டியில் 100, 200 என்று இறங்கு வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். ஏற்று வேகத்தையும் அதே அளவு எழுத்தில், அதே தட்டியில் போடுங்கள்.